நார்மலாக இருந்தால் யார் கூப்பிடுவார்கள்

டாக்டர்: அசையாதீங்கண்ணே. சட்டையில என்ன இது... ரத்தமா, தக்காளியா?

நான்: தக்காளிதேன் டாக்டரம்மா. நானும் மொதல்ல ரத்தம்னுதேன் நெனச்சேன். அதப் பாத்துத்தேன் ரெண்டாவது தடவ மயங்குனேன்.

டாக்டர்: வில்லாபுரம் மார்க்கெட்டுல வண்டி மேலயே விழுந்தீங்களாமே.

நான்: கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. இந்தப் பக்கம் தேங்காக் கடை, அந்தப் பக்கம் தக்காளி வண்டி. மிச்சமிருந்த அறிவ வச்சு அந்தப் பக்கம் சாஞ்சேன்.

டாக்டர்: கூட்டிட்டு வந்தது யாரு?

நான்: எங்க மாடியில குடியிருக்கான்ல, முத்திருளன். ஷேர் ஆட்டோக்காரன். ஏறியிருந்த சனத்த எல்லாம் எறக்கி விட்டுட்டு என்னயத் தூக்கிப் போட்டான். ஒரு அம்மா மட்டும் எறங்க மாட்டேன்னுருச்சு. அவனியாபுரம் வர்ற வரைக்கும் என் தலைய மடியில வச்சுக்கிட்டே வந்துச்சு.

டாக்டர்: தெரிஞ்சவங்களா?

நான்: யாருன்னே தெரியாது. பாதி வழியிலயே எனக்கு முழிப்பு வந்துருச்சு. கண்ணத் தொறந்தா எந்திரிச்சு ஒக்காருன்னு சொல்லிருமோன்னு மூடிக்கிட்டே வந்தேன்.

டாக்டர்: கையக் குடுங்க... பேசாதீங்க, மெஷின் ஓடும்போது பேசக்கூடாது.

நான்: சரிம்மா.

டாக்டர்: அதையும் பேசக்கூடாது.

நான்: ...

டாக்டர்: ம்...

நான்: எம்புட்டும்மா?

டாக்டர்: தொண்ணூறு கூட இல்ல.

நான்: எங்க காலத்துல அதெல்லாம் பெரிய மார்க்கு.

டாக்டர்: பிரஷர்ல அது ஃபெயில்ணே. நேத்து காலையில உங்க வீட்டு மெஷின் எவ்வளவு காட்டுச்சு தெரியுமா? இந்தா, என் போன்லயே இருக்கு. நூத்தித் தொண்ணூறு. ஒரே நாள்ல பாதியா?

நான்: வோல்டேஜ் ஏறும், எறங்கும். மின்வாரியத்துல லைன்மேனா இருந்தவன் நான், எனக்குத் தெரியாதா.

டாக்டர்: உங்க சம்சாரம் ஒச்சாயி அக்கா இருந்தவரைக்கும் உங்களுக்குப் பதிலா அவங்கதான் எங்கிட்ட உண்மையச் சொல்லுவாங்க. இப்ப நீங்கதான் சொல்லணும். என்னண்ணே நடக்குது?

நான்: ஒண்ணுமில்லம்மா... வெயிலு.

டாக்டர்: மேகம் மூடியிருக்கு.

நான்: ...அப்ப புழுக்கம்.

டாக்டர்: கேளுங்கண்ணே. உங்க மகன் கம்பெனி இன்சூரன்ஸ் பாலிசியில அந்த மெஷின உங்களுக்குக் குடுத்தது எதுக்கு? நீங்க கையில கட்டி பட்டன அமுக்குனா, அளவு எனக்கும் வருது, பாலிசிக் கம்பெனி நர்சுக்கும் போகுது. கூடுதலா இருந்தா அந்தப் பொண்ணு உங்களக் கூப்பிட்டு விசாரிச்சு எனக்கு எழுதும். நான் மாத்திரைய மாத்துவேன். இதுதானே ஏற்பாடு?

நான்: நல்ல ஏற்பாடு. ஒரு கொறை சொல்ல முடியாது.

டாக்டர்: வாசல்ல நிக்கிற கூட்டத்தப் பாத்தீங்கல்ல. இவங்கள்ல யாரு வீட்டுக்குப் போயி மாத்திரை போட்டா, யாரு போடலன்னு நான் எங்கண்ணே போயிப் பாக்க? அந்தப் பொண்ணுதான் பாத்துச் சொல்லுது. போன மாசம் ஒரு அம்மாவுக்கு சக்கரை ஒரேயடியா எறங்கிக்கிட்டு இருக்குன்னு அது சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆள் பொழச்சாங்க. அது எனக்கு இன்னொரு கண்ணு மாதிரி. அத நம்பித்தான் உங்களுக்கு ரெண்டு தடவ மாத்திரையக் கூட்டுனேன். ரெண்டு தடவையும் நேர்ல வாங்கன்னு சொன்னேன். கல்யாணம்னீங்க, காதுகுத்துன்னீங்க. பாக்காமக் கூட்டுனது என் தப்பு. நான் ஒத்துக்கிறேன். கூட்டுன மாத்திரையப் போட்டீங்களா?

நான்: ஒரு வேள விடல. ரோகிணி கேக்கும்ல.

டாக்டர்: ரோகிணி யாரு?

நான்: அந்த நர்சுப் புள்ளதேன். நம்ம உசிலம்பட்டிப் பக்கம். மெட்ராசுல இருந்து பேசுது.

டாக்டர்: போடாமயே போட்டேன்னு சொல்றவங்களப் பாத்துப் பாத்து அலுத்துப் போயிருக்கேன். நீங்க ஒருத்தர் ஒழுங்காப் போட்டுட்டு தக்காளி மேல விழுந்திருக்கீங்க. சரி, மெஷின்ல கோளாறு. கம்பெனிக்கு எழுதிர்றேன், வந்து எடுத்துட்டுப் போயிருவாங்க.

நான்: எடுத்துக்கிட்டா... எதுக்கும்மா? அது நல்லாத்தேன் இருக்கு. பாவம், வாயில்லா மெஷினு. அது மேல பழி போடக் கூடாது.

டாக்டர்: வேற எது மேல போட?

நான்: ...கை மேல.

டாக்டர்: உங்க கைக்கு என்ன?

நான்: எங்கைக்கு ஒண்ணுமில்லம்மா.

டாக்டர்: அண்ணே.

நான்: கை முத்திருளனோடது.

டாக்டர்: ...என்ன?

நான்: அவன் கையிலதேன் கட்டுனேன். தெனமும் காலையில டீ குடிக்க எறங்கி வருவான். ஒரு கையில டீ, ஒரு கையில மெஷினு. அவனுக்கு ஒண்ணும் தெரியாது, விளையாட்டுன்னு நெனச்சுக்கிட்டு நீட்டுவான். மெஷின் எதுக்குண்ணே எனக்குக் கை பிடிச்சு விடுதுன்னு சிரிப்பான்.

டாக்டர்: ஏன்ணே இப்படிப் பண்ணுனீங்க?

நான்: சிரிக்கக் கூடாது.

டாக்டர்: இப்ப நான் சிரிக்கிற மாதிரியா தெரியுது?

நான்: மெஷின் வந்த புதுசுல எனக்கே பிரஷர் கூடத்தேன் இருந்துச்சு. ரோகிணி தெனமும் கூப்பிடும். சாப்ட்டீங்களா, தூங்குனீங்களா, காலு வீங்குதா, படி ஏறுனா மூச்சு வாங்குதான்னு. நம்ம காலு வீங்குதான்னு கேக்க மெட்ராசுல ஒரு ஆளு. அப்புறம் உங்க மாத்திரை வேல செஞ்சிருச்சு. நார்மல் ஆயிருச்சு. அன்னைக்கோட போனு நின்னு போச்சு.

டாக்டர்: நின்னுதான் ஆகணும். ஒரு நர்சுக்கு எத்தன பேரு... கூடுனவங்களத்தான் கூப்பிட முடியும்.

நான்: அத மொதல்லயே சொல்லியிருக்கணும்ல. ஒடம்பு சரியாப் போனதுக்குத் தண்டனையான்னு இருந்துச்சு எனக்கு. குளிக்கப் போனாலும் போனக் கையில எடுத்துக்கிட்டுப் போவேன். அடிக்கும். எடுத்தா லோன் வேணுமா சார்னு கேக்கும். ஒரு தடவ அந்தப் பையன்கிட்டயே கேட்டேன், லோனு வேணாம்ப்பா, நீ எந்த ஊருன்னு. வச்சிட்டான்.

டாக்டர்: மகன் கூப்பிடுறதில்லையா?

நான்: கூப்பிடுவான், கூப்பிடுவான். புனேல மழையான்னு நான் கேப்பேன். மதுரையில வெயிலான்னு அவன் கேப்பான். வானிலை அறிக்கை முடிஞ்சதும் வச்சிருவோம். நல்ல பையன். பாலிசி எடுத்துக் குடுத்திருக்கான், அதுக்கு மேல கேட்டா நல்லாவா இருக்கும்? ரோகிணி மறுபடி கூப்பிடணும்னு மொதல்ல நேர்மையாத்தேன் முயற்சி பண்ணேன். கருவாடு தின்னேன். ஊறுகாய சோறு மாதிரி தின்னேன். மாடிப்படி ஏறி எறங்கிட்டு மூச்சு வாங்கிக்கிட்டே கட்டிப் பாத்தேன். நார்மல்னே காட்டுது. அம்புட்டு நல்ல மாத்திரை எழுதிட்டீங்க.

டாக்டர்: அந்த நல்ல மாத்திரைய நிறுத்தியிருக்கலாமே.

நான்: ரோகிணிகிட்ட பொய் சொல்லணும்ல, போட்டேன்னு. அதெல்லாம் தப்பு.

டாக்டர்: இது மட்டும் சரியா?

நான்: அப்ப ஒரு நா முத்திருளன் எறங்கி வந்தான். தலைவலிண்ணேன்னு துண்ட நெத்தியில இறுக்கிக் கட்டியிருந்தான். சும்மா பாப்போம்னு அவன் கையில கட்டுனேன். செகப்பு லைட்டு போட்டு மெஷின் கத்துச்சு. அவன் டீக் கிளாசக் கழுவி வைக்கிறதுக்குள்ள போனு. ரோகிணி. என்ன சார், பழையபடி ஏறிருச்சேன்னு பதறிப் போயி கேக்குது. ஒரே பேச்சு அன்னைக்கி. வச்சதுக்கு அப்புறம் ரெண்டு தோச கூடத் தின்னேன்.

டாக்டர்: அப்புறம் தினமும் அவரு கைதான்.

நான்: ஞாயித்துக்கிழமை தவுர. அன்னைக்கி அவன் பொண்டாட்டி முனீஸ்வரியக் கூட்டிக்கிட்டு நாகமலை புதுக்கோட்டைக்கு மாமியா வீட்டுக்குப் போயிருவான். மெஷினுக்கும் லீவு. ஆனா அன்னைக்கும் போன் வந்துரும், ரீடிங் ஏன் அனுப்பலன்னு. கம்பெனின்னா அப்படி இருக்கணும்மா.

டாக்டர்: ஞாயித்துக்கிழமையா? அன்னைக்கு...

நான்: நம்பரு கூட வேற நம்பரு. பெரிய கம்பெனி, பத்து நம்பர் வச்சிருப்பாங்க. அன்னைக்கி மட்டும் அந்த மந்திரத்தப் படிக்காது. வணக்கம், உங்கள் நலனில் அக்கறையுடன்... அதெல்லாம் கெடையாது. எடுத்ததும் சாப்டீகளான்னுதேன் கேக்கும். நானும் நீ சாப்ட்டியா தாயின்னு கேப்பேன்.

டாக்டர்: ...ம். அது இருக்கட்டும். அவருக்குத் தினமும் தலைவலி இருக்குமா?

நான்: யாருக்கு?

டாக்டர்: முத்திருளனுக்கு.

நான்: துண்டு கட்டாம அவன நான் பாத்ததே இல்ல. ஏம்மா?

டாக்டர்: ஒரு நாளாவது மெஷின் கம்மியாக் காட்டுச்சா?

நான்: ஒரு நாளும் இல்ல. நம்பகமான கை.

டாக்டர்: அண்ணே... அந்த நூத்தித் தொண்ணூறு யாருதுன்னு நெனச்சீங்க இவ்வளவு நாளா?

நான்: யாருதுன்னா... மெஷின்ல வர்றது... 

டாக்டர்: அது ஒரு ஆளோட ரத்தம். அந்த ஆளு ஆட்டோ நெறைய சனத்த ஏத்திக்கிட்டு தினமும் ரோட்டுல போறாரு. இன்னைக்கு உங்களயும் ஏத்திக்கிட்டு வந்தாரு.

நான்: அவன் திடமான ஆளும்மா. சிலிண்டர ஒத்தக் கையில மாடிக்குத் தூக்கிட்டுப் போவான். அவனுக்குப் போயி...

டாக்டர்: எங்க இருக்காரு இப்ப?

நான்: வெளிய... வாசல்லதேன் நின்னான். நெத்தியில துண்டோட.

டாக்டர்: முத்திருளன் தம்பி, உள்ள வாங்க. இல்ல, அவரு நல்லாத்தான் இருக்காரு. நீங்க உட்காருங்க. துண்ட அவுத்துருங்க. கையக் குடுங்க... பேசாதீங்க தம்பி. மெஷின் ஓடும்போது பேசக்கூடாது.

நான்: என்னயப் பாக்காதடா. அந்தம்மா சொல்றதக் கேளு.

டாக்டர்: நீங்களும் பேசக்கூடாது. தம்பி, கண்ணு மங்கலாத் தெரியுதா? தலைய மட்டும் ஆட்டுங்க. எத்தன நாளா... சரி. ஆட்டோ சாவிய எங்கிட்ட குடுங்க. இன்னைக்கு நீங்க ஓட்ட வேணாம். அந்த ரூம்ல போயிப் படுங்க, இ.சி.ஜி. எடுப்பாங்க, நான் வாரேன். பயப்படாதீங்க, சொந்தக் கால்ல நடந்து வந்திருக்கீங்க, அது போதும்.

நான்: எம்புட்டும்மா காட்டுச்சு?

டாக்டர்: உங்க மெஷின்ல கோளாறே இல்லண்ணே. என் மெஷின் அதுக்கும் மேலயே காட்டுது.

நான்: ...அவனுக்குப் பாலிசி கூடக் கெடையாதேம்மா.

டாக்டர்: பிரஷர் பாக்கறதுக்கு யாரு பாலிசி கேட்டா? மேல என்ன செய்யணுமோ அத நான் பாத்துக்குறேன். எனக்கு எது தாங்கலன்னா... அந்த நர்சுப் பொண்ணு நீங்கன்னு நெனச்சு இவ்வளவு நாளா இவரத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கு. மாத்திரை மட்டும் உங்க வாய்க்குள்ள போயிருக்கு.

நான்: எனக்கு மறுபடி மயக்கம் வர்ற மாதிரி இருக்கு.

டாக்டர்: வராது, படுத்துத்தான் இருக்கீங்க. அந்தப் பொண்ணுக்குத் தகவல் அனுப்பியிருக்கேன், நீங்க விழுந்துட்டீங்கன்னு மட்டும். இப்பக் கூப்பிடும். மத்தத உங்க வாயாலயே சொல்லுங்க.

நான்: நீங்களே எழுதிருங்களேன். உங்க எழுத்துன்னா அதுக்குப் புரியாது, தப்பிச்சிருவேன்.

டாக்டர்: போன் அடிக்குதுண்ணே. எடுங்க. நான் அவரப் போயிப் பாக்குறேன்.

நான்: ...அலோ.

ரோகிணி: வணக்கம். உங்கள் நலனில் அக்கறையுடன் பேசுவது ரோகிணி. சேவையின் தரத்திற்காக இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. திரு. அழகுபாண்டி அவர்களிடம் பேசலாமா?

நான்: பேசு தாயி. அவருதேன்.

ரோகிணி: சார், மயங்கி விழுந்துட்டீங்கன்னு மேடம் தகவல் அனுப்பியிருக்காங்க. அடி பட்டுச்சா?

நான்: தக்காளிக்குத்தேன் அடி.

ரோகிணி: சார்?

நான்: ஒண்ணுமில்லம்மா, தக்காளி வண்டி மேலதேன் விழுந்தேன், நல்லாருக்கேன். ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும். நான் அனுப்புன ரீடிங்கு எதுவும் என்னுது இல்ல.

ரோகிணி: புரியல சார்.

நான்: மாடி வீட்டு முத்திருளன் கையில கட்டி அனுப்புனேன். எனக்கு நார்மல் ஆயி ரொம்ப நாளாச்சு. தாயி? லைன்ல இருக்கியா?

ரோகிணி: ரீடிங் எறங்கவே மாட்டேங்குது, மாத்திரை பத்தலன்னு மேடத்துக்கு எழுதுனது நான் சார். ரெண்டு தடவையும் நாந்தேன் எழுதுனேன்.

நான்: ஒம் மேல தப்பில்லம்மா.

ரோகிணி: தக்காளி இருந்த எடத்துல லாரி வந்திருந்தா? உங்க ரீடிங்கப் பாத்துட்டுப் போனா எனக்குத் தூக்கம் வராது சார். தனியா இருக்காரே, என்னமும் ஆயிட்டா யாரு பாப்பான்னு. நீங்க டீ குடிச்சுக்கிட்டு அடுத்தவர் கையில கட்டி அனுப்பியிருக்கீங்க.

நான்: டீ அவன்தேன் குடிச்சான்... இல்ல, சும்மா சொன்னேன். தப்புதேன். உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க அவன. நெசமாவே அவனுக்குத்தேன் சீக்கு. நீ வெரட்டுன வெரட்டுலதேன் தெரிஞ்சுச்சு.

ரோகிணி: அவரு எப்படி இருக்காரு?

நான்: நடந்துதேன் போனான். என்னயத் திரும்பிப் பாத்துக்கிட்டே போனான்... தாயி, ஒண்ணு கேக்கவா? இனிமே எங்கையிலயே கட்டுவேன். நார்மலாத்தேன் வரும். நார்மலா வந்தா நீ கூப்பிடுவியா?

ரோகிணி: ...அளவுகள் சீராக இருந்தால் எங்கள் குழுவிலிருந்து மாதம் ஒருமுறை குறுஞ்செய்தி வரும் சார்.

நான்: குறுஞ்செய்தி சாப்ட்டீங்களான்னு கேக்குமா?

ரோகிணி: காய்கறிகள் அதிகம் சேர்த்துக்கொள்ளுங்கள்னு வரும் சார்.

நான்: இன்னைக்கித்தேன் ஒரு வண்டிக் காய்கறி சேத்தேன்... அது கெடக்கட்டும். நான் கம்பெனியக் கேக்கல. ஒன்னயக் கேக்குறேன். நீ கூப்பிடுவியா?

ரோகிணி: வேறு ஏதேனும் உதவி தேவையா சார்?

நான்: ஆமா இல்லன்னு ஒரு வார்த்த சொல்லேன்.

ரோகிணி: வேறு ஏதேனும் உதவி தேவையா சார்?

நான்: ...இல்லம்மா.

ரோகிணி: உங்கள் நேரத்திற்கு நன்றி.

நான்: எங்கிட்ட இருக்கதே அது ஒண்ணுதேன்... வச்சிருச்சு.

டாக்டர்: சொல்லிட்டீங்களா?

நான்: சொல்லிட்டேன். முத்திருளன் எப்படிம்மா இருக்கான்?

டாக்டர்: இ.சி.ஜி.ல பெருசா ஒண்ணும் இல்ல. நல்லவேளை, இப்பயாவது தெரிஞ்சுச்சு. இன்னைக்கு இங்கயே இருக்கட்டும், கொஞ்சம் கொஞ்சமாத்தான் எறக்கணும். முனீஸ்வரிக்குச் சொல்லிட்டேன், வந்துக்கிட்டு இருக்கு. உங்களுக்கும் ராத்திரி இங்கதான்.

நான்: அவன் பக்கத்துக் கட்டிலாக் குடுங்கம்மா. கோவமா இருக்கானா?

டாக்டர்: அண்ணன் சாப்ட்டாரான்னு கேட்டாரு.

நான்: ...அவன்கிட்ட அடி வாங்குனாக்கூடத் தேவல.

டாக்டர்: அந்தப் பொண்ணு என்ன சொல்லுச்சு?

நான்: ஒண்ணும் சொல்லல. மாசம் ஒரு குறுஞ்செய்தி வரும்னுச்சு. நல்லதுதேன். எத்தன சீக்காளிக அதுக்கு... என்னய மாதிரி சும்மா இருக்கவனுக்கு எதுக்கு நர்சு.

டாக்டர்: போன் அடிக்குதுண்ணே.

நான்: லோனாத்தேன் இருக்கும். அடிச்சு ஓயட்டும்.

டாக்டர்: பாத்துட்டுச் சொல்லுங்க.

நான்: ...இது ஞாயித்துக்கிழமை நம்பரு. இன்னைக்கி வியாழக்கிழமைல்ல?

டாக்டர்: எடுங்கண்ணே. நான் வெளிய இருக்கேன்.

நான்: ...அலோ.

ரோகிணி: சாப்டீகளா?

நான்: இன்னும் இல்ல தாயி. நீ சாப்ட்டியா?

ரோகிணி: இல்ல. ஆபீசு மாடிப்படியில நின்னு பேசுறேன். இந்தப் போன்ல எதுவும் பதிவாகாது. ஆபீசு போன்ல கேட்டத இப்பக் கேளுங்க.

நான்: என்னத்தக் கேட்டேன்... நார்மலா இருந்தாக் கூப்பிடுவியா, மாட்டியா?

ரோகிணி: கம்பெனி கூப்பிடாது சார். ஞாயித்துக்கிழமை எங்க கம்பெனிக்கே லீவு. அன்னைக்கெல்லாம் கூப்பிட்டது நாந்தேன், ஹாஸ்டல்ல இருந்து, என் சொந்தப் போன்ல. ரீடிங் வரலன்னு சொன்னதும் பொய்தேன். லீவன்னைக்கி ரீடிங்க நான் எங்கிட்டுப் பாக்க? அன்னைக்கி எல்லாப் புள்ளைகளும் ஊருக்குப் போயிருதுக. மெஸ்ஸயும் பூட்டிருவாக. வாரம் பூரா நான் எல்லாரையும் சாப்டீகளான்னு கேக்குறேன், என்னயத் திருப்பிக் கேட்டது நீங்க ஒருத்தருதேன். நார்மலாவே இருங்க. கூப்புடுறேன்.